மிச்சச் சோற்றை யார் சாப்பிடுவது?

ராத்திரிச் சாப்பாடு முடிந்துவிட்டது. குக்கரின் அடியில் ஒரு கைப்பிடிச் சோறு மிச்சம். "யாருக்கு வேணும்?" என்று அம்மா கேட்கிறார். அக்காவுக்கு வயிறு நிறைந்துவிட்டது. தம்பி தூங்கிவிட்டான். அப்பா கை கழுவியாகிவிட்டது. நீங்கள் மெல்ல நழுவப் பார்க்கிறீர்கள்.

அந்தச் சோறு யாருக்குமே வேண்டாம் என்றா நினைக்கிறீர்கள்? அதற்கு ஏற்கெனவே போட்டி தொடங்கிவிட்டது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் பந்தியில் வந்து உட்கார்ந்தாயிற்று. உலகத்தில் எந்தச் சாப்பாடும் யாரும் தொடாமல் அப்படியே கிடந்துவிடுவதில்லை. நாம் தின்னாவிட்டால் வேறு யாரோ தின்பார்கள். அவர்கள் யார், தின்று முடித்தபின் எதை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்பதைத்தான் நாம் பார்க்கப்போகிறோம். அந்த ஒரு கைப்பிடிச் சோற்றின் பின்னாலேயே போவோம், வாருங்கள்.

பந்தியில் முந்திக்கொள்பவர்களில் ஒருவர் பெயர் பாசில்லஸ் சீரியஸ். மண்ணில் வாழும் பாக்டீரியா. வயலிலிருந்து நெல்லோடு ஒட்டிக்கொண்டு நம் அரிசி டப்பா வரைக்கும் வந்துவிடும். "சோற்றைக் கொதிக்கவிட்டோமே, செத்துப்போயிருக்காதா?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. சாதாரண நிலையில் இருக்கும் பாக்டீரியா கொதியில் செத்துவிடும். ஆனால் இந்த ஆள் சமர்த்து. நிலைமை மோசமானால் கெட்டியான ஓடு ஒன்றைக் கட்டிக்கொண்டு வித்தாக மாறி உறங்கிவிடும். அந்த வித்து கொதிநீரையும் தாங்கும். சோறு ஆறி வெதுவெதுப்புக்கு வந்ததும் விழித்துக்கொண்டு, ஒன்று இரண்டாக, இரண்டு நான்காகப் பெருகத் தொடங்கும். இந்தக் குடும்பத்தில் சில வகைகள் பெருகும்போதே ஒரு நஞ்சையும் சோற்றில் விட்டுவைக்கும். வாந்தி வரவைக்கும் நஞ்சு. மறுபடி அடுப்பில் வைத்துச் சூடாக்கினாலும் அது அழியாது. "ஒரு கொதி விட்டா எல்லாம் சரியாப்போயிடும்" என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

அதனால் சமைத்த சோற்றை ஒன்று, 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகவே வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் சீக்கிரமே ஆறவைத்து ஃப்ரிட்ஜுக்குள், 5 டிகிரிக்குக் கீழே வைத்துவிட வேண்டும். இடைப்பட்ட வெப்பம்தான் நுண்ணுயிர்களுக்குக் கொண்டாட்டம். ஃப்ரிட்ஜ் அவற்றைக் கொல்வதில்லை. குளிரில் அவற்றின் வேலை மந்தமாகிறது, அவ்வளவுதான். வெளியே எடுத்து வைத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் நம் பாட்டிமார்கள் என்ன செய்தார்கள்? பந்தியில் யார் உட்காரலாம் என்று அவர்களே ஆள் பொறுக்கினார்கள்!

ஆறிய சோற்றில் நல்ல தண்ணீரை மூழ்க ஊற்றி மூடி வைத்தால் என்ன ஆகும்? சோற்றைத் தண்ணீர் மூடிவிடுவதால் காற்று உள்ளே புகுவது குறைகிறது. காற்று இல்லாமல் பூசணத்தால் வளர முடியாது. காற்று குறைவான இடத்திலும் மகிழ்ச்சியாக வாழ்கிற லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் அங்கே முந்திக்கொள்கின்றன. தயிரைப் புளிக்கவைப்பதும் இட்லி மாவைப் புளிக்கவைப்பதும் இதே கூட்டம்தான். சோற்றிலிருக்கும் மாவுச்சத்தைத் தின்று இவை லாக்டிக் அமிலத்தை வெளியே விடுகின்றன. புளிப்பு ஏற ஏற, மற்ற பல நுண்ணுயிர்களுக்கு அங்கே இருப்பே கொள்ளாது. காலையில் அது பழைய சோறு. உப்புப் போட்டு, மோர் ஊற்றி, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு சாப்பிடுகிறோமே, அது பாக்டீரியா சாப்பிட்டு நமக்கு மிச்சம் வைத்த சாப்பாடு.

பழைய சோற்றைப் பற்றி வாட்ஸ்அப்பில் வரும் புகழ்ச்சிகளில் பாதியை நான் நம்புவதில்லை. எல்லா நோயையும் தீர்க்கிற மருந்தாக அது இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு கைப்பிடிச் சோறு குப்பைக்குப் போகாமல் ஒரு வேளைப் பசியை ஆற்றுகிறதே, போதாதா? ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். பகலெல்லாம் வெக்கையில் வெளியே கிடந்த சோற்றில் ராத்திரி தண்ணீர் ஊற்றிப் பயனில்லை. அதற்குள் வேண்டாத ஆட்கள் பந்தியை முடித்திருப்பார்கள். நூல் விட்டாலோ, புளிப்பு வாசனைக்குப் பதில் ஊசிப்போன நாற்றம் அடித்தாலோ, யோசிக்காமல் கொட்டிவிட வேண்டியதுதான்.

யாருமே சாப்பிட முடியாதபடி பூட்டிவைப்பதற்கும் ஒரு வழி இருந்தது. மிஞ்சிய சோற்றை மசித்து, உப்பு, சீரகம், மிளகாய் சேர்த்து, மொட்டை மாடியில் வேட்டியை விரித்துக் கிள்ளிவைத்து வடாமாகக் காயவிடுவார்கள். நுண்ணுயிர்களுக்கு வாய் கிடையாது. உணவு தண்ணீரில் கரைந்திருந்தால்தான் அவற்றால் உறிஞ்சிக்கொள்ள முடியும். வெயில் அந்தத் தண்ணீரை எடுத்துவிடுகிறது. உப்பு மீதித் தண்ணீரையும் பிடித்துவைத்துக்கொள்கிறது. சோறு எதிரிலேயே இருக்கிறது, ஆனால் தின்ன முடியவில்லை! வடாம் மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதும், மழைக்காலத்தில் டப்பாவைத் திறந்து போட்டால் நமத்துப்போய்ப் பூசணம் பிடிப்பதும் இதனால்தான்.

இன்னொரு சாப்பாட்டுக்காரரும் உண்டு. கிராமத்து வீடுகளில் கொல்லைப்புறத்தில் கழுநீர்த் தொட்டி இருக்கும். அரிசி கழுவிய தண்ணீர், வடித்த கஞ்சி, காய்கறித் தோல் எல்லாம் அதில் போய்ச் சேரும். மாடு குடித்துவிட்டுப் பாலாகவும் சாணமாகவும் திருப்பித் தரும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதற்கும் ஓர் அளவு இருக்கிறது. மாட்டுப் பொங்கல் வந்தால் கால்நடை மருத்துவர்கள் ஆண்டுதோறும் ஒரே அறிவுரையைச் சொல்கிறார்கள்: மாட்டுக்கு நிறையப் பொங்கல் ஊட்டாதீர்கள். ஏன் தெரியுமா? மாட்டின் வயிற்றில் நான்கு அறைகள். முதல் அறையில் புல்லையும் வைக்கோலையும் செரிக்கிற நுண்ணுயிர்கள் கோடி கோடியாகக் குடியிருக்கின்றன. அங்கே திடீரென்று குண்டான் குண்டானாகச் சோறு வந்து விழுந்தால், பழைய சோற்றில் பார்த்தோமே, அதே லாக்டிக் அமிலம் அளவுக்கு மீறிச் சுரக்கும். வயிறு புளித்து, மாடு படுத்துவிடும். உயிரே போவதும் உண்டு. கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய சோற்றை எல்லாம் ஒரே மாட்டின் முன்னால் கொட்டிவிட்டுப் புண்ணியம் தேடிக்கொண்டதாக நினைப்பவர்களுக்கு இது தெரிவதில்லை. பிளாஸ்டிக் கவரில் முடிச்சுப் போட்டுத் தெருவில் எறிகிறவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. அவர்கள் மாட்டுக்குச் சோற்றோடு கவரையும் சேர்த்து ஊட்டுகிறார்கள்.

சரி, இதில் எதுவுமே நடக்கவில்லை. நம் ஒரு கைப்பிடிச் சோறு குப்பைக் கூடைக்குப் போகிறது. அங்கிருந்து வண்டி, வண்டியிலிருந்து குப்பைமேடு. சென்னை என்றால் வடக்கே கொடுங்கையூர், தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெருங்குடி. பல ஆண்டுகளாகக் கொட்டிக் கொட்டி மேடாகிப்போன இடங்கள். நம் சோற்றின் மேல் இன்னொரு லாரி குப்பை விழுகிறது, அதன் மேல் இன்னொன்று. காற்று நுழைய இடமே இல்லை.

அந்த இருட்டுக்குள் காத்திருப்பவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள நாம் இத்தாலிக்குப் போக வேண்டும், அதுவும் 1776-ஆம் ஆண்டுக்கு.

மஜோரே என்ற ஏரியின் கரையோரச் சேற்றைக் கழியால் கிளறிக்கொண்டிருந்தார் ஒருவர். குபுகுபுவென்று குமிழிகள் கிளம்பின. அவற்றைக் குடுவையில் பிடித்து, நெருப்பைக் காட்டிப் பார்த்தார். நீல நிறத்தில் எரிந்தது! அவர் பெயர் அலெஸ்ஸாண்ட்ரோ வோல்டா. பின்னாளில், 1800-இல், மின்கலத்தைக் கண்டுபிடித்தாரே, அவரேதான். மின்னழுத்தத்தை 'வோல்ட்' கணக்கில் சொல்வது அவர் நினைவாகத்தான். அந்தக் குமிழியில் இருந்தது மீத்தேன் வாயு.

சேற்றுக்குள் மீத்தேனைச் செய்தது யார்? அதற்கு விடை கிடைக்க வெகுகாலம் ஆயிற்று. அது ஒரு வகை நுண்ணுயிர். பாக்டீரியா என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். 1977-இல் கார்ல் வூஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் ஜார்ஜ் ஃபாக்ஸும் அவற்றின் மரபுப் பொருளை ஒப்பிட்டுப் பார்த்து, 'இவை பாக்டீரியாவே அல்ல, தனி இனம்' என்றார்கள். இன்று அந்த இனத்துக்கு ஆர்க்கியா என்று பெயர். மீத்தேன் செய்யும் ஆர்க்கியாவுக்கு ஆக்சிஜன் ஆகவே ஆகாது. நமக்கு மூச்சுக்காற்று எதுவோ, அதுவே அவற்றுக்கு விஷம். காற்றில்லாத சேறு, மாட்டின் வயிறு, குப்பைமேட்டின் அடிப்பகுதி, இவைதான் அவற்றுக்குப் பிடித்த இடங்கள்.

குப்பைமேட்டின் அடியில் மற்ற பாக்டீரியாக்கள் சோற்றை உடைத்து உடைத்துச் சின்ன மூலக்கூறுகளாக்குகின்றன. அவற்றை வாங்கி இந்த ஆர்க்கியா மீத்தேனாக்கி வெளியே விடுகிறது. மீத்தேன் காற்றில் சுமார் 12 ஆண்டுகள்தான் இருக்கும். கரியமில வாயுவைவிட ஆயுள் மிகக் குறைவு. ஆனால் இருக்கிற காலத்தில் செய்கிற வேலை கொஞ்சநஞ்சம் அல்ல. ஒரு கிலோ மீத்தேனையும் ஒரு கிலோ கரியமில வாயுவையும் எடுத்துக்கொண்டு, 20 ஆண்டுகளில் எது எவ்வளவு வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது என்று பார்த்தால், மீத்தேன் 80 மடங்குக்கு மேல் பிடித்துவைக்கும். அதோடு அது எரிகிற வாயு. குப்பைமேடுகள் கோடையில் தீப்பிடித்து நாட்கணக்கில் புகைவதற்கு இதுவும் ஒரு காரணம். 2022 ஏப்ரலில் பெருங்குடி எரிந்தது. 2023 மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் குப்பைமேடு தீப்பிடித்து, ஊரே புகையில் திணறியது.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. சோற்றால் மீத்தேன் கிளம்புவது இது முதல் தடவை இல்லை! நெல் வளர்ந்த வயலில் தண்ணீர் கட்டி நின்றதே, அந்தச் சேற்றுக்கு அடியிலும் இதே ஆர்க்கியாதான். நெல் விளையும்போதே மீத்தேன் கிளம்பியாயிற்று. வயலில் எப்போதும் தண்ணீரைத் தேக்கி வைக்காமல் 'காய்ச்சலும் பாய்ச்சலுமாக' விடுவது என்று நம் விவசாயிகள் சொல்வார்கள். காயும்போது மண்ணுக்குள் காற்று போகும், ஆர்க்கியா அடங்கும், மீத்தேன் குறையும். தண்ணீரும் மிச்சம். ஒரு கிலோ அரிசி விளைய மழைநீரும் சேர்த்துச் சராசரியாக 2,500 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. சோற்றைக் குப்பையில் போடும்போது அந்தத் தண்ணீரும், வயலில் கிளம்பிய வாயுவும் ஒரு பயனும் இல்லாமல் போகின்றன. போதாததற்குக் குப்பைமேட்டில் இன்னொரு தவணை மீத்தேன்.

இதே சோறு காற்று உள்ள இடத்தில் மக்கினால் கதை வேறு. மாடியில் மண்தொட்டி வைத்து உரம் செய்கிற வீட்டில் பாருங்கள். காய்கறித் தோலைப் போட்டதும் அதன் மேல் காய்ந்த சருகை அள்ளிப் போடுவார்கள். அவ்வப்போது கிளறியும் விடுவார்கள். சருகு ஈரத்தை இழுத்துக்கொண்டு இடையில் காற்றுக்கு வழிவிடும். அங்கே காற்றைச் சுவாசிக்கிற நுண்ணுயிர்கள் சாப்பிடும். அவை விடுவது கரியமில வாயுவும் நீராவியும் வெப்பமும்தான். பெரிய உரக்குவியலின் நடுவே 60 டிகிரி வரைகூடச் சூடு ஏறும். குளிர்காலக் காலையில் கிளறினால் ஆவி பறக்கும். கிளற மறந்துவிட்டால் அழுகின முட்டை நாற்றம் வரும். காற்று வேண்டாதவர்கள் வந்துவிட்டார்கள் என்று அதற்கு அர்த்தம்.

அப்படியானால் அந்த ஆர்க்கியா கெட்டவரா? அதுவும் இல்லை. அவர் தின்கிற இடத்துக்கு ஒரு மூடி போட்டுவிட்டால் போதும். மூடிய தொட்டியில் மீத்தேனைப் பிடித்து அடுப்பு எரிப்பதுதான் சாண எரிவாயு. மத்தியப் பிரதேசத்தின் இந்தூர் நகரத்தில் 2022 பிப்ரவரியில் ஒரு பெரிய ஆலை திறந்தார்கள். நாளொன்றுக்கு 550 டன் மக்கும் குப்பையை வாங்கிக்கொள்ளக்கூடியது. அதிலிருந்து வரும் வாயுவில் நகரப் பேருந்துகள் ஓடுகின்றன. இந்தூர்க்காரர்களின் வெங்காயத் தோலும் மிஞ்சிய ரொட்டியும் பஸ் ஓட்டுகின்றன! ஆனால் அதற்கு வீட்டிலேயே ஈரக்குப்பையைத் தனியாகப் பிரித்துக் கொடுத்தாக வேண்டும். ஷாம்பு பாக்கெட்டையும் பேட்டரியையும் ஆர்க்கியா தின்னாது.

உலகம் முழுக்க எவ்வளவு உணவு வீணாகிறது என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு கணக்குப் போட்டு 2024-இல் வெளியிட்டது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 105 கோடி டன். கடைகளையும் ஓட்டல்களையும்தானே குற்றம் சொல்வோம்? அதில் 60 சதவீதம் வீடுகளிலிருந்து வந்தது. இந்தியாவில் ஒரு ஆளுக்கு வீட்டில் ஆண்டுக்கு 55 கிலோ என்று அந்த அறிக்கை மதிப்பிடுகிறது. வகுத்துப் பாருங்கள், நாளொன்றுக்கு 150 கிராம். ஆனால் இந்த எண்ணைப் பார்த்ததும் பயந்துவிட வேண்டாம். வாழைப்பழத் தோல், முட்டை ஓடு, எலும்பு, முருங்கைக்காய்ச் சக்கை எல்லாம் அந்தக் கணக்கில் அடக்கம். முருங்கைக்காயைச் சக்கையோடு விழுங்கச் சொல்லி யாரும் உங்களைக் கேட்கப்போவதில்லை. தின்னக்கூடியது எவ்வளவு போகிறது என்பதுதான் பார்க்க வேண்டியது.

வீட்டுக்கு வரும் முன்பே வீணாவது இன்னொரு கணக்கு. அறுவடைக்குப் பிறகு, கடைக்கு வந்து சேருமுன் உலகில் சுமார் 13 சதவீத உணவு போய்விடுகிறது. ஒட்டன்சத்திரம், பாலக்கோடு பக்கம் தக்காளி விலை விழும்போது, பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாது என்று விவசாயிகள் தக்காளியைச் சாலையோரம் கொட்டுவதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அதற்கு நீங்கள் தட்டைக் காலி செய்வது தீர்வாகாது. குளிர்பதனக் கிடங்கு, நியாயமான விலை என்று பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலைகள் அவை.

தென்கொரியாவில் பெரியவர்கள் ஒன்று செய்தார்கள். 2005-இல் சாப்பாட்டுக் கழிவைக் குப்பைமேட்டில் புதைக்கத் தடை போட்டார்கள். 2013 முதல் போடுகிற அளவுக்குக் காசு. பல அடுக்குமாடி வீடுகளில் தொட்டிக்கு முன்னால் அட்டையைக் காட்டினால்தான் மூடி திறக்கும். கொட்டியதும் அது எடை பார்த்து, வீட்டுக் கணக்கில் எழுதிவிடும். அங்கே கழிவைக் கொட்டுமுன் தண்ணீரைப் பிழிந்துவிடுகிறார்கள். எடை குறைந்தால் காசு மிச்சமாயிற்றே! இப்போது அந்த நாட்டின் சாப்பாட்டுக் கழிவில் பெரும்பகுதி கால்நடைத் தீவனமாகவும் உரமாகவும் எரிவாயுவாகவும் மாறுகிறது.

நம் ஊரில் வீட்டைவிடக் கண்ணில் உறுத்துவது கல்யாணப் பந்தி. இலை போட்டதும் கேட்காமலே பதினைந்து வகையும் வந்து விழும். சின்னப் பையனுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே அளவு. இலையை மடிக்கும்போது பாதி அப்படியே இருக்கும். பரிமாறுகிற அண்ணனைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்குப் பந்தி சீக்கிரம் நகர வேண்டும். இலைக்கு மேல் கையைக் குறுக்கே காட்டி, "கொஞ்சமா வைங்கண்ணே, வேணும்னா கேட்டு வாங்கிக்கிறேன்" என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இலையில் வைத்தது எச்சில், இனி அதை வேறு மனிதருக்குத் தர முடியாது. அண்டாவில் இருப்பதைத் தரலாம். மண்டபங்களில் அப்படி மிஞ்சுவதை வாங்கிப் பசித்தவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க, 'நோ ஃபுட் வேஸ்ட்' என்ற அமைப்பை 2014-இல் கோயம்புத்தூரில் இளைஞர்கள் சிலர் தொடங்கினார்கள். இந்த வேலையில் கடிகாரம்தான் முக்கியம். ஏனென்று உங்களுக்குத் தெரியும், பாசில்லஸ் சீரியஸ் காத்திருக்காது.

வீட்டில் அதிகம் வீணாவது சோறு இல்லை என்பது என் சந்தேகம். ஃப்ரிட்ஜின் பின்வரிசையைப் பாருங்கள்: வாடின கொத்தமல்லி, சுருங்கின கத்தரிக்காய், என்றைக்கோ வைத்த சட்னி. காய் பறித்த பிறகும் உயிரோடுதான் இருக்கிறது, மூச்சு விடுகிறது. வேரிலிருந்து எதுவும் வராததால் தன் சர்க்கரையைத் தானே எடுத்துத் தின்கிறது. அதற்கும் குளிர் பிடித்தால் மூச்சு மெதுவாகும். பழுக்கும் வாழைப்பழமோ எத்திலீன் என்ற வாயுவை விட்டு, பக்கத்தில் இருப்பதையும் பழுக்கவைக்கும். கீரைக்கும் வெள்ளரிக்காய்க்கும் பக்கத்தில் வாழைப்பழம் வைத்தால் அவை சீக்கிரம் மஞ்சளாகும். புதிதாக வாங்கியதைப் பின்னாலும் பழையதை முன்னாலும் வைப்பது ஒரு சின்ன வேலை. அந்தப் பொறுப்பை நீங்கள் வாங்கிக்கொள்ளலாம், அம்மா வேண்டாம் என்றா சொல்வார்?

இனி உங்களுக்கு ஒரு சோதனை. ஒரு சப்பாத்தியை மூன்று துண்டாக்குங்கள். ஒன்றை வெயிலில் முறுகக் காயவையுங்கள். இன்னொன்றில் சில சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். மூன்றாவதிலும் அதே அளவு தெளியுங்கள். மூன்றையும் தனித்தனியாக, ஒளி ஊடுருவும் ஜிப் கவரில் போட்டு நன்றாக மூடி, தேதி எழுதுங்கள். முதல் இரண்டும் அலமாரியில், மூன்றாவது ஃப்ரிட்ஜில். தினமும் பார்த்து, எதில் முதலில் புள்ளி வருகிறது, என்ன நிறம், மறுநாள் எவ்வளவு பரவியது என்று நோட்டில் வரையுங்கள். கவரை மட்டும் திறக்கவே கூடாது, மோந்தும் பார்க்கக் கூடாது. பூசணத்தின் வித்து மூக்கில் ஏறினால் சிலருக்கு இழுப்பு வரும். முடிந்ததும் கவரோடு அப்படியே பெரியவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

பூசணம் எந்தத் துண்டில் முதலில் பந்திக்கு உட்கார்ந்தது என்று படத்தோடு எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். மூன்று துண்டு போதும். சோதனைக்கென்று ஒரு அடுக்குச் சப்பாத்தியை எடுத்துவிட வேண்டாம்!